பொத்தானுக்கு ஒரு கட்டம்

திங்கட்கிழமை காலை

அன்புள்ள ‘என்னங்க’வுக்கு,

என் போனில் நீங்கள் அந்தப் பெயரில்தான் பதிவாகியிருக்கிறீர்கள், அதனால் கடிதத்திலும் அதுவே இருக்கட்டும். நானும் குட்டியும் சுகம். குளியலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது. பிளம்பர் நாளைக்கு வருகிறேன் என்று சொல்லி இன்றோடு ஒன்பது நாள் ஆகிறது. குட்டிக்குப் போன வருடத்துச் சீருடை முழங்காலுக்கு மேலே ஏறிவிட்டது, புதிதாகத் தைக்கக் கொடுத்திருக்கிறேன். பத்து வயதுக்கு இந்த உயரம் உங்கள் பக்கத்துச் சீதனம்தான், என் பக்கம் இல்லை.

தினமும் போனில் பேசுகிறவள் எதற்காகத் தாளும் பேனாவும் எடுத்தாள் என்று யோசிப்பீர்கள். போனில் நான் எதைக் கேட்டாலும் நீங்கள் ‘நல்லா இருக்கு’ என்ற ஒரே பதில்தான் வைத்திருக்கிறீர்கள். நான் அடுத்த கேள்வியைத் தொடங்குவதற்குள் குட்டி போனைப் பிடுங்கிக்கொள்வாள், இல்லையென்றால் சிக்னல் போய்விடும். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. விடுமுறையில் வந்திருக்கும் உங்கள் அறைத்தோழர் வெள்ளிக்கிழமை கிளம்புகிறார். அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துத் தனியாக உட்கார்ந்து படியுங்கள்.

இன்னும் இரண்டு வருடம் இங்கேயே வேலை பார்க்க ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடட்டுமா, மாதக் கடைசிக்குள் யோசித்துச் சொல் என்றீர்கள். மூன்று முறை கேட்டீர்கள், மூன்று முறையும் நான் பேச்சை மாற்றினேன். இந்தக் கடிதத்தில் பதில் சொல்கிறேன். ஆனால் கடைசிப் பக்கத்துக்குத் தாவக்கூடாது. நான் அந்தப் பதிலுக்கு எப்படி வந்து சேர்ந்தேன் என்று தெரியாமல் பதிலை மட்டும் பார்த்தால் உங்களுக்குக் கோபம்தான் வரும். அப்புறம் இரண்டு நாள் போனை எடுக்க மாட்டீர்கள். உங்களை எனக்குத் தெரியாதா.

என் படக் கிறுக்கிலிருந்து தொடங்குகிறேன். பத்து மாதம் முன்னால் குட்டியின் பள்ளியில் ஆளுக்கொரு சின்ன விளையாட்டுக் கம்ப்யூட்டரில் செய்துகொண்டு வரச் சொன்னார்கள். அதற்கு ஒரு பூனை வேண்டும், அம்மா வரைந்து கொடு என்றாள். முப்பத்திரண்டு கட்டம் அகலம், முப்பத்திரண்டு கட்டம் உயரம், ஒரு கட்டத்துக்கு ஒரு நிறம், அவ்வளவுதான் இடம். பிக்சல் ஓவியம் என்றால் இதுதான். பதினோரு வருடமாக ஸ்டுடியோவில் பாஸ்போர்ட் படத்தைச் சரிசெய்கிறவள் நான். பருவை எடுப்பேன், கோணல் தோளை நேராக்குவேன், கோட்டே இல்லாத ஆளுக்குக் கோட்டு மாட்டிவிடுவேன். பூனை எனக்கு எம்மாத்திரம் என்று உட்கார்ந்தேன். முடித்துக் காட்டியதும் குட்டி ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, இது பூனையா பன் ரொட்டியா என்று கேட்டாள்.

எனக்கு மூக்குடைந்து போயிற்று. அவள் ஆசிரியை ஒரு இணையக் குழுவைச் சொன்னார். முந்நூறு பேர் சொச்சம் இருக்கிறார்கள், எல்லோரும் கட்டத்தில் படம் வரைகிறவர்கள். யாருக்கும் யாருடைய முகமும் தெரியாது, எல்லாம் புனைபெயர். நான் ‘பாஸ்போர்ட்’ என்று சேர்ந்தேன். பூனையைப் போட்ட பத்தாவது நிமிடம் ‘பல்லி’ என்று ஒருவர் வந்து, இதில் எத்தனை நிறம் வைத்தீர்கள் என்று கேட்டார். ஆறு என்று பெருமையாகச் சொன்னேன். எண்ணிப் பாருங்கள் என்றார். எண்ணுவதற்கு ஒரு கருவி இருக்கிறது, அதில் போட்டுப் பார்த்தால் தொள்ளாயிரத்து நாற்பத்தொன்று.

நான் என்ன செய்திருந்தேன் தெரியுமா? ஸ்டுடியோப் பழக்கத்தில் முதலில் பெரிதாக வரைந்து, ஓரத்தையெல்லாம் மென்மையாகத் தேய்த்து, பிறகு சுருக்கியிருந்தேன். அது போதாதென்று கொஞ்சம் பெரிதாகத் தெரியட்டுமே என்று ஒன்றரை மடங்கு இழுத்திருந்தேன். ஒரு கட்டத்தை எப்படி ஒன்றரைக் கட்டமாக ஆக்குவது? சில கட்டம் இரட்டையாகவும் சில கட்டம் ஒற்றையாகவும் ஆகி, பூனையின் ஒரு கண் மற்றதைப் போல இரண்டு பங்கு இருந்தது. கடைசியில் போட்டோ சேமிக்கிற முறையிலேயே சேமித்ததால் அது தன் பங்குக்கு ஒவ்வொரு ஓரத்திலும் நிறத்தைக் குழப்பி வைத்துவிட்டது. நீங்கள் போட்டோக்காரரா என்று பல்லி கேட்டார். எப்படித் தெரியும் என்றேன். வரையத் தெரியாதவர்கள் இந்தத் தப்பைச் செய்ய மாட்டார்கள், பூசி மெழுகிப் பழகியவர்கள்தான் செய்வார்கள் என்று எழுதினார். அன்றைக்கு வந்த கோபத்தில் இரண்டு வாரம் அந்தப் பக்கமே போகவில்லை.

பிறகு போனேன். அவர் சொன்னது சரிதானே.

அந்தக் குழுவில் ஒரு சட்டம் இருக்கிறது. யாருடைய படத்துக்குக் கீழேயும் ‘நல்லா இருக்கு’ என்று மட்டும் எழுதக்கூடாது. எது நல்லா இருக்கு, எந்த வரிசையில், எந்த இடத்தில் என்று சொல்ல வேண்டும். சொல்லாமல் எழுதினால் தண்டனையாகப் பதினாறு கட்டத்தில் ஒரு கரண்டி வரைந்து போட வேண்டும். நீங்கள் அதில் இருந்திருந்தால் இந்நேரம் ஒரு கல்யாண மண்டபத்துக்குத் தேவையான கரண்டி சேர்ந்திருக்கும்.

தினமும் காலையில் குட்டி எழுவதற்கு முன்னால் ஒரு மணி நேரம், அதற்கு மேல் இல்லை என்று வைத்துக்கொண்டேன். முதல் மாதம் முழுக்க வெறும் வளைகோடு. கட்டத்தில் வளைவு போடுவது படிக்கட்டுக் கட்டுவதைப் போன்றது. நான்கு கட்டம், மூன்று, இரண்டு, ஒன்று என்று ஒழுங்காகக் குறைந்தால் கண் அதை வளைவு என்று நம்பும். நான்கு, இரண்டு, மூன்று என்று போட்டால் கோடு நொண்டும். நான் போட்டதெல்லாம் நொண்டியது. ஒவ்வொன்றையும் குழுவில் போட்டேன், ஒவ்வொன்றிலும் எந்தப் படி தப்பு என்று யாராவது வட்டம் போட்டுக் காட்டினார்கள்.

இரண்டாவது மாதம் ஒரு முட்டை. மேசை விளக்கை ஒரு பக்கம் வைத்து, முட்டையை எதிரில் வைத்து, அதையே இருபது தடவை வரைந்தேன். நான் வரைந்த முட்டை ஒவ்வொன்றும் நடுவில் வெளிச்சமும் சுற்றிலும் இருட்டுமாகப் பஞ்சடைத்தது மாதிரி உப்பி நின்றது. குழுவில் அதற்குத் தலையணை நிழல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று முடிவு செய்யத் தைரியம் இல்லாதவர்கள்தான் சுற்றிலும் நிழல் போடுவார்களாம். விளக்கு கண்ணெதிரே எரிகிறது, எனக்கு அது தெரியவில்லை. நான் முட்டையைப் பார்க்காமல், முட்டை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரிந்ததை வரைந்துகொண்டிருந்தேன்.

நிழல் என்றால் அதே நிறத்தில் கொஞ்சம் கறுப்பு என்றுதான் பதினோரு வருடமாக நினைத்திருந்தேன். அதுவும் இல்லை. பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே அந்த மஞ்சள் மதில் இருக்கிறதே, காலையில் அதன் நிழல் பக்கத்தைப் பார்த்தால் ஊதாவுக்குப் பக்கத்தில் போய் நிற்கிறது. ஒருநாள் அதையே பார்த்துக்கொண்டு நின்றதில் இரண்டு பேருந்தை விட்டுவிட்டேன். கண்டக்டர் தலையை நீட்டி, ஏறப்போறீங்களா இல்ல மதிலுக்குக் காவலா என்று கேட்டுவிட்டுப் போனார். அந்த மாதம் எட்டே நிறம் வைத்துக்கொண்டு அந்த மதிலை வரைந்தேன். பல்லி வந்து, மேலிருந்து பதினோராவது வரிசையில் நிழல் திரும்புகிற இடம் சரியாக விழுந்திருக்கிறது என்று எழுதினார். அன்று ஸ்டுடியோவில் நாள் முழுக்க எனக்குத் தலைகால் புரியவில்லை.

வாடிக்கையாளர் வந்துவிட்டார். மிச்சத்தைப் பிறகு எழுதுகிறேன்.

புதன்கிழமை, மதியச் சாப்பாட்டு வேளை

பிளம்பர் வந்தார், குழாயைப் பார்த்தார், வாஷர் வாங்கி வருகிறேன் என்று போனார். அவ்வளவுதான் முன்னேற்றம்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். குழுவில் ‘மரவட்டை’ என்று ஒரு பெண் இருக்கிறார். ஒரே பொருளை மாதத்துக்கு ஒரு தடவை வரையுங்கள், பழையதை அழிக்காதீர்கள், அப்போதுதான் வளர்ந்தது தெரியும் என்று சொன்னார். நான் உங்களை எடுத்துக்கொண்டேன். காதல் என்று நினைத்துப் பூரித்துவிட வேண்டாம். கேட்காமலே போட்டோ அனுப்புகிற ஆள் எனக்கு நீங்கள் ஒருவர்தான், அதோடு அந்த மூக்கு எனக்கு மனப்பாடம். நாற்பத்தெட்டுக்கு நாற்பத்தெட்டு கட்டம், தலையிலிருந்து இடுப்பு வரைக்கும். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, அந்த மாதம் நீங்கள் அனுப்பியதில் ஒன்றைப் பார்த்து வரைவது.

முதல் மாதம் மீசை வைத்த கத்தரிக்காய். இரண்டாவது மாதம் கத்தரிக்காய்க்குக் கழுத்து வந்தது. மூன்றாவதைப் பார்த்ததும் குட்டி உங்களை மாதிரியே உதட்டைக் குவித்துக் காட்டினாள், எனக்கு அது போதும். ஒவ்வொன்றையும் உங்களுக்கு அனுப்பினேன், ஒவ்வொன்றுக்கும் நல்லா இருக்கு என்று பதில் போட்டீர்கள். மூன்றாவதற்கு மட்டும், என் காது இவ்வளவு பெரிசா என்று கேட்டீர்கள். நீங்கள் சொன்னதிலேயே உருப்படியான கருத்து அது ஒன்றுதான். சந்தேகம் தீர அளந்து பார்த்தேன். காது அவ்வளவு பெரிசுதான்.

இந்த மூன்றிலும் எனக்கு ரொம்பப் பிடித்த வேலை உங்கள் சட்டைப் பொத்தான். பொத்தானுக்கு ஒரு கட்டம், மொத்தம் ஐந்து. முகமெல்லாம் முடிந்தபின் கடைசியாக அந்த ஐந்தையும் வைப்பேன். வைத்ததும் வெறும் துணியாக இருந்தது சட்டையாகிவிடும்.

நான்காவது படத்தில் பொத்தான் இல்லை. அந்த மாதம் நீங்கள் பனியனில் இருந்தீர்கள். ஐந்தாவதிலும் பனியன். வெயில் அதிகம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஐந்தாவது நன்றாகவே வந்திருந்தது, முகத்தில் வெளிச்சம் சரியான பக்கத்திலிருந்து விழுந்தது, எனக்கே பெருமை. குழுவில் போட்டுவிட்டுக் காத்திருந்தேன். பல்லி எழுதினார்: “முகம் தேறிடுச்சு. ஆனா ரெண்டு மாசமா வலது கையை வெட்டிட்டே வர்றீங்க. கை வரைய வரலைன்னா கையைப் பழகுங்க, ஒளிக்காதீங்க.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. நான் ஒளிக்கவில்லை, போட்டோவில் இருப்பதைத்தான் வரைந்தேன் என்று பதில் போட்டேன். அவர் ஒரே வரியில் எழுதினார்: “அப்ப போட்டோவைப் பாருங்க.”

பார்த்தேன். மறுநாள் ஸ்டுடியோவில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, அந்த இரண்டு மாதத்தில் நீங்கள் அனுப்பிய இருபத்து மூன்று படத்தையும் பெரிய திரையில் வரிசையாக அடுக்கினேன். ஒன்றில் வலது கை தூணுக்குப் பின்னால். ஒன்றில் கால்சட்டைப் பையில். ஒன்றில் அறைத்தோழர் தோளுக்குப் பின்னால். ஏழு படத்தில் ஓரத்தில் வெட்டியிருந்தீர்கள், நான் வெட்டுகிறவள், வெட்டின படம் எனக்குத் தெரியும். இருபத்து மூன்றில் ஒன்றில்கூட உங்கள் வலது கை இல்லை.

அதற்கப்புறம் மற்றதெல்லாம் தானாகக் கண்ணில் பட்டது. தோல்பட்டைக் கடிகாரத்தைக் காணோம், அதைக் கட்ட இரண்டு கையும் வேண்டும். கயிறு கட்டுகிற காலணி போய்ச் செருப்பு வந்திருந்தது. கடைசியாக வந்த பார்சலில் விலாசம் உங்கள் கையெழுத்து இல்லை. பொத்தான் வைத்த சட்டை ஒன்றுகூட இல்லை. சரியாக அந்தச் சமயத்தில்தான் லேத் மெஷினிலிருந்து உங்களை ஸ்டோருக்கு மாற்றினார்கள். பதவி உயர்வு என்று சொன்னீர்கள். நானும் எதிர்வீடு பக்கத்துவீடு எல்லாம் சொல்லிப் பீற்றிக்கொண்டேன்.

குட்டிக்கு முன்பே தெரிந்திருக்கிறது. அப்பா ஏன் இப்போதெல்லாம் இடது கையால் டாட்டா காட்டுகிறார் என்று கேட்டாள். போன் எல்லாவற்றையும் இடம் வலமாகத் திருப்பிக் காட்டும் என்று நான்தான் பெரிய மேதாவி மாதிரி விளக்கம் சொன்னேன். அவள் நம்பவில்லை, ஆனால் அம்மா சொல்கிறாளே என்று விட்டுவிட்டாள்.

அன்றைக்கு ஸ்டுடியோ பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். முதலில் உங்கள் மேல் கோபம்தான் வந்தது. ஒரு பனியனைத் தலைவழியாக மாட்டுவதற்குக்கூட எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பீர்கள் என்று நினைத்ததும் கோபம் கரைந்துவிட்டது. கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு அடுத்தவர் முகத்தில் கரும்புள்ளி தேடுகிறவள், சொந்தப் புருஷனுக்குக் கை போனதைப் படம் வரைந்து, அதைக் குழுவில் போட்டு, யாரோ ஒருவர் சொல்லித் தெரிந்துகொண்டேன். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

நீங்களாகச் சொல்வீர்கள் என்று இரண்டு மாதம் காத்திருந்தேன். ஆறாவது படமும் ஏழாவது படமும் அப்படிக் காத்துக்கொண்டே வரைந்தவை. நீங்கள் சொல்லவில்லை.

போன வாரம் அறைத்தோழர் வீட்டுக்கு வந்தார். அவரைத் திட்டாதீர்கள், அவர் வாயைத் திறக்கவில்லை. உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டு, கையில் எவ்வளவு போச்சு என்று நேராகக் கேட்டேன். மனிதர் மின்விசிறியைப் பார்த்தார், “அண்ணி, என்கிட்ட கேக்காதீங்க, சத்தியம் வாங்கியிருக்கான்” என்றார். அதுவே எனக்குப் பதில்தான். வலி இருக்கா என்று மட்டும் கேட்டேன். “இப்ப இல்ல” என்றார். அந்த இரண்டு வார்த்தைக்கு அவரை நான் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன்.

வியாழக்கிழமை காலை

நாளைக்குக் கடிதம் கிளம்ப வேண்டும், அதனால் சுருக்கமாக. குட்டி இன்னும் எழவில்லை.

ஒரு சின்னக் கம்பெனி இருக்கிறது, மருந்துக்கடைக்கு மேல்மாடியில் ஒரே அறை, நான்கு பேர். கம்ப்யூட்டர் விளையாட்டுச் செய்கிறார்கள். ஒரு ரயில் நிலையத்தில் ஒருநாள் வந்துபோகிறவர்களைப் பற்றிய விளையாட்டு, நாற்பது முகம் வேண்டுமாம். மாதத்துக்கு ஒன்றாக நான் போட்ட உங்கள் படங்களைக் குழுவில் பார்த்துவிட்டு, சோதனைக்கு மூன்று முகம் வரைந்து அனுப்பச் சொன்னார்கள். டிரைவர், நர்ஸ், பூட்டுச் சாவி செய்கிறவர். ஸ்டுடியோவுக்கு வந்துபோகிறவர்களை மனதில் வைத்து இழைத்து இழைத்து வரைந்து அனுப்பினேன். வேண்டாம் என்றுவிட்டார்கள். மூன்று பேரும் பாஸ்போர்ட் எடுக்க உட்கார்ந்த மாதிரி இருக்கிறார்கள், யாருக்கும் ஒரு குறையும் இல்லை, அதனால் யாரையும் நம்ப முடியவில்லை என்றார்கள். உங்களிடம் இதைச் சொல்லவில்லை. ஒளிக்கிற குணம் உங்களுக்கு மட்டும் இல்லை, பாருங்கள்.

உங்கள் இருபத்து மூன்று படத்தை அடுக்கிப் பார்த்த அந்த வாரம், எனக்கு எந்த முகத்தையும் தேய்க்க மனசு வரவில்லை. அதே மூன்று பேரை முதலிலிருந்து வரைந்தேன். டிரைவருக்கு ஒரு முன்பல் பாதிதான் இருந்தது, அதற்கு ஒரு கட்டத்தைக் காலியாக விட்டேன். நர்ஸுக்குக் கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத ஊதா, இரண்டு கட்டம். சாவிக்காரருக்கு ஒரு தோள் இறக்கம், அதை நேராக்கவில்லை. குழுவில் போட்டேன், பல்லி ஒரு மாற்றம்தான் சொன்னார், செய்தேன், அனுப்பினேன். எடுத்துக்கொண்டார்கள். இருபத்தெட்டு முகம் முடித்துக் கொடுத்துவிட்டேன். அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து முழுநேரமாக வரச் சொல்லியிருக்கிறார்கள். ஸ்டுடியோ முதலாளியிடம் சொல்லியாயிற்று. இனி யாரம்மா எனக்குத் தோளை நேராக்குவாள் என்று புலம்புகிறார்.

தற்பெருமை அடிக்கிறேன் என்று நினைத்தாலும் பரவாயில்லை, எனக்கு இந்த வேலை வரும். பத்து மாதம் முன்னால் வராது, இப்போது வரும். எந்த இடத்தில் தப்பு என்று முந்நூறு பேர் சொல்லச் சொல்லக் கேட்டுக் கற்றுக்கொண்டது, இனி யாரும் எடுத்துக்கொண்டு போக முடியாது.

இப்போது உங்கள் கேள்விக்குப் பதில். கையெழுத்துப் போட வேண்டாம்.

எந்தக் கையால் போடுவதாக இருந்தீர்கள் என்று கேட்க நினைத்தேன். கேட்கவும் செய்துவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள். இரண்டு வருடம் ஸ்டோரில் பெட்டி எண்ணிக்கொண்டு, தூணுக்குப் பின்னால் கையை வைத்துப் படம் எடுத்து அனுப்புவீர்கள். நான் இங்கே பொத்தான் இல்லாத படத்தை மாதா மாதம் வரைந்துகொண்டிருப்பேன். குட்டி ஒரு கட்டத்துக்குமேல் கேட்பதையே நிறுத்திவிடுவாள். எனக்கு அது வேண்டாம்.

திரும்பி வந்தால் எந்த லேத்திலும் சேர்க்க மாட்டார்கள் என்றுதான் அங்கேயே ஒட்டிக்கொண்டிருக்கப் பார்க்கிறீர்கள். அதுகூடப் புரியாமல் பதினான்கு வருடம் குடும்பம் நடத்தவில்லை. வரைபடத்தைப் பார்த்ததும் எந்த அளவு இடிக்கும் என்று சொல்கிற கண்ணும் தலையும் மெஷினில் மாட்டவில்லையே. பாலத்தடியில் இருக்கிற லேத் பட்டறைக்காரரிடம் போன சனிக்கிழமை பேசினேன். செய்து முடித்த உருப்படியை அளந்து பார்த்துத் தள்ளவோ எடுக்கவோ ஒரு ஆள் தேடுகிறாராம். கையில் அடிபட்டவர் என்றும் சொன்னேன். எவ்வளவு அடி என்று கேட்டார். எனக்கே தெரியாது என்றேன். வந்ததும் கூட்டிக்கொண்டு வாங்க, பேசிக்கலாம் என்றார். அமையும் என்று சத்தியம் பண்ண மாட்டேன். அது அமையாவிட்டால் வேறு தேடுவோம், நான் சம்பாதிக்கிறேன், அவசரம் ஒன்றும் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை எட்டாவது படம் வரைகிற முறை. தலை, காது, இடது தோள் எல்லாம் வைத்துவிட்டேன், வலது பக்கம் கட்டங்கள் அப்படியே காலியாக இருக்கின்றன. இந்த இரண்டு மாதத்தில் கை மட்டும் அறுபது வரைந்து பழகியிருக்கிறேன். விரித்த கை, மூடிய கை, நான்கு விரல் கை, மூன்று விரல் கை, விரலே இல்லாத கை. எதற்கு என்று குழுவில் கேட்டார்கள், பயிற்சிக்கு என்றேன். எதை வேண்டுமானாலும் என்னால் வரைய முடியும், ஆனால் உங்கள் கை எது என்று நானாக ஊகிக்க எனக்கு மனசு வரவில்லை. பகல் வெளிச்சத்தில், மேசைமேல் இரண்டு கையையும் வைத்து ஒரு படம் எடுக்கச் சொல்லி அனுப்புங்கள். கூட ஒரு வார்த்தையும் எழுத வேண்டாம்.

அங்கே முடிக்க வேண்டியதை நிதானமாக முடித்துக்கொள்ளுங்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள். பத்திரமாக, முழுசாக வந்து சேருங்கள் என்று எழுத வந்தேன், எழுதி அடித்துவிட்டேன், தாளில் தெரியும். எப்படி இருக்கிறீர்களோ அப்படியே வாருங்கள்.

கதவைத் திறந்து வைத்திருக்கும்
உங்கள் மனைவி